பூட்டிய பின் நடுங்கும் வண்டி



வளைகுடா நாடுகளில் உழைத்து, இரண்டாண்டுக்கு ஒரு முறை விடுமுறையில் ஊர் திரும்பும் நம் இளைஞர்கள், வீட்டாரைக் கண்டு பேசி முடித்ததும் தேடிச் செல்வது, வீட்டோரம் சாக்குப் போர்த்தி நிறுத்தப்பட்டிருக்கும் மோட்டார் சைக்கிளைத்தான். தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டினம், குளச்சல், இடலாக்குடி என நம் குமரி மாவட்டத்து ஊர்களில் இது புதிய காட்சியன்று. வண்டி பட்டறைக்குப் போகிறது. முன்சக்கரம் கழற்றப்படுகிறது; ஃபோர்க் பிரிக்கப்படுகிறது; பிரேக்கும் செயினும் பார்க்கப்படுகின்றன. விடுமுறையோ குறைவு, உறவினர் வீடுகளோ பல. ஆகவே அவசரப்படுத்தி, இரண்டொரு நாளில் வண்டியை வாங்கி வந்துவிடுகிறோம். நெடுஞ்சாலையில் ஏறி ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஹேண்டில் இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்குகிறது. பட்டறைக்குப் போகுமுன் இல்லாத நடுக்கம் போய் வந்த பின் வந்திருக்கிறது.

உடனே ஆளுக்கொரு யோசனை பிறக்கிறது. “டயர் பழசு, மாற்றிவிடுங்கள்” என்கிறார் ஒருவர். “கோன் செட்டை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினால் நின்றுவிடும்” என்கிறார் மற்றொருவர். “சட்டமே வளைந்திருக்கும், விற்றுவிடுங்கள்” என்கிறார் மூன்றாமவர். ஒவ்வொன்றையும் செய்து பார்த்துப் பணம் கரைகிறது; நடுக்கம் மட்டும் நிற்பதில்லை.

இவ்விதழில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்றுதான். கழற்றுவதற்கு முன் இல்லாத குறை, பூட்டிய பின் தோன்றினால், கை பட்ட இடங்களில்தான் அதை முதலில் தேட வேண்டும். எதை எதைக் கழற்றினார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு, கடைசியாகப் பூட்டியதிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டுமே திருத்திப் பார்க்க வேண்டும். இவ்வொழுங்கு இல்லாதபோதுதான் நல்ல உறுப்புகள் குப்பைக்குப் போகின்றன. கெட்டது வண்டியிலேயே தங்கிவிடுகிறது.

இது வெறும் பணக் கணக்கு அன்று. நம் வீடுகளில் மோட்டார் சைக்கிள் ஒருவர் மட்டும் ஏறிச் செல்லும் வாகனமாக இருப்பதில்லை. பின்னிருக்கையில் மனைவி, இடையில் ஒரு குழந்தை, டாங்கின் மேல் மற்றொரு குழந்தை என்று குடும்பமே அதில் ஏறுகிறது. ஏறி அமர்ந்தவர்களின் உயிர் ஓட்டுபவர் கையில் அமானிதம். நடுங்கும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, “பார்த்துக்கொள்ளலாம்” என்று அவர்களை ஏற்றிச் செல்வது அந்த அமானிதத்திற்கு அழகன்று.

நடுக்கம் எப்படிப் பிறக்கிறது?

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை. மேற்பகுதி ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோட்டை அதே சாய்வில் தரைவரை நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையில் பதியும். பல வண்டிகளில் இந்த இடைவெளி ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இருக்கும். வண்டி நேராக ஓடுவதற்கு இது பெரிதும் துணை செய்கிறது. சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால், தரையின் உராய்வு அதைப் பின்னுக்கு இழுத்து நேராக்கிவிடுகிறது.

மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளிச் செல்லும் ஸ்ட்ரெச்சரின் சிறு சக்கரம், தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வதும் இதே விதியால்தான். ஆனால் அந்தச் சக்கரங்களில் ஒன்று சில வேளைகளில் படபடவென்று ஆடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். நேராக்கும் விசை சக்கரத்தை நடுவுக்குக் கொண்டு வருகிறது. வந்த வேகத்தில் சக்கரம் நடுவைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது. அங்கிருந்து மீண்டும் இழுக்கப்படுகிறது. இவ்வாட்டத்தை அடக்குவதற்கு ஏதேனும் ஒரு தடை இல்லாவிட்டால், அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

ஆகவே நடுங்கும் இயல்பு எல்லா இருசக்கர வண்டிகளிலும் உறங்கிக் கிடக்கிறது. சரியான காற்று நிரம்பிய டயர், ஆட்டமில்லாத பேரிங், ஓட்டுபவரின் கைகள் ஆகியவை அதை உறங்க வைக்கின்றன. பூட்டும்போது நேரும் சிறு பிழை அதை எழுப்பிவிடுகிறது.

ஓடும் சைக்கிள் விழாமல் நிற்பதன் கணக்கை ஆங்கிலேயரான விப்பிள் 1899ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். மோட்டார் சைக்கிளுக்கு அக்கணக்கை விரிவாக்கியவர் ராபின் ஷார்ப் என்னும் பொறியியலாளர். 1971இல் வெளியான அவருடைய கட்டுரை, வண்டியின் ஆட்டங்களை வகை பிரித்துக் காட்டியது. அவற்றில் இரண்டு நமக்கு முக்கியமானவை. முதலாவது, முன் ஃபோர்க்கும் ஹேண்டிலும் மட்டும் விரைவாக நடுங்குவது. இது விநாடிக்கு 4 முதல் 10 முறை வரை நிகழும். இரண்டாவது, வண்டி முழுவதும் பாம்பு நெளிவதுபோல் மெதுவாக அசைவது. இது விநாடிக்கு 2 அல்லது 3 முறை நிகழும். முதலாவதன் காரணம் பெரும்பாலும் முன்பக்கத்திலும், இரண்டாவதன் காரணம் பெரும்பாலும் பின்பக்கத்திலும் இருக்கும்.

இங்கே பின்னிருக்கையில் அமர்பவரின் சாட்சி பெரிதும் உதவும். முன்பக்க நடுக்கத்தை ஓட்டுபவரின் கை முதலில் அறியும். பின்பக்க நெளிவை அமர்ந்திருப்பவரின் உடல் முதலில் அறியும். “பின்னால் ஏதோ இழுப்பதுபோல் இருக்கிறது” என்று இல்லத்தரசி சொன்னால், அதைப் பெண்களின் வீண் அச்சம் என்று தள்ளிவிடாதீர்கள்.

வீட்டு முற்றத்தில் செய்யத்தக்க சோதனைகள்

முதலில் காற்று. டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவுக்குக் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுக் குறைந்த முன்டயர் ஒன்றே நடுக்கத்திற்குப் போதுமான காரணம். நெடுநாள் ஒரே இடத்தில் நின்ற டயர், தரையில் பதிந்த பகுதியில் தட்டையாகிவிடும். பக்கச் சுவர்களில் வெடிப்பும் விழும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர்.

அடுத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றி, ஃபோர்க்கின் மேல் ஒரு குச்சியை ஊன்றி, ரிம்முக்கும் குச்சிமுனைக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ரிம் பக்கவாட்டிலோ மேலும் கீழுமாகவோ 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் கோட்டம் எடுத்தாக வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரு ஸ்பானரால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். டயரைக் கழற்றி மாட்டியிருந்தால், ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அக்கோடு உள்ளே மறைந்தால், டயர் சரியாக அமரவில்லை என்று பொருள்.

பின்னர்ச் சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால், குறை சக்கரப் பேரிங்கில் இருக்கிறது. ஹப்பினுள் இரு பேரிங்குகளுக்கும் இடையே ஒரு குழாய் இருக்கும். பேரிங் மாற்றும்போது அதை வைக்க மறந்துவிட்டால், அச்சை இறுக்கும்போதெல்லாம் பேரிங் பக்கவாட்டில் நசுங்கும். வெளிப்புறத்து ஸ்பேசர்களை இடம் மாற்றிப் போட்டால், சக்கரம் ஃபோர்க்கின் நடுவில் நிற்காது.

கோன் செட் என்னும் நடுநாயகம்

சக்கரத்தில் குறை காணாவிட்டால், ஃபோர்க்கின் கீழ் முனைகள் இரண்டையும் பிடித்து, முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுங்கள். ‘டக்’கென்ற ஆட்டம் கையில் பட்டால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஓடும்போது முன்பிரேக் பிடித்தால் ஹேண்டிலின் அடியில் இதே தட்டல் கேட்கும்.

இப்போது ஹேண்டிலை நடுவில் நிறுத்தி, விரல் நுனியால் ஒரு பக்கம் மெல்லத் தள்ளுங்கள். வயர்கள் இழுத்துப் பிடிக்காத நிலையில், அது தன் எடையாலேயே எல்லைவரை சென்று விழ வேண்டும். இரு பக்கமும் ஒன்றுபோல் விழ வேண்டும். பாதியில் நின்றால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். நடுப்பகுதியில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றுகொண்டால், கிண்ணங்களில் குண்டுகள் பதிந்து குழிகள் விழுந்திருக்கின்றன. பல காலம் பள்ளங்களில் இறங்கி ஏறியதாலும், கிரீஸ் வறண்ட நிலையில் நெடுநாள் நின்றதாலும் இது நேரும். நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும், ஆண்டில் இரு பருவமும் பெய்யும் மழையும் துருவை விரைவுபடுத்துகின்றன.

இவ்வாறு குழி விழுந்த கோன் செட்டை எப்படி இறுக்கினாலும் பயனில்லை. நடுவில் ஆட்டம் நிற்கும்படி இறுக்கினால், திரும்பும்போது பிடிக்கும். திரும்பும்போது பிடிக்காதபடி தளர்த்தினால், நடுவில் ஆடும். பழைய கிண்ணத்தில் புதுக் குண்டுகளைப் போடுவதும் வீண் செலவே. கிண்ணம், கோன், குண்டு அனைத்தையும் சேர்த்து மாற்றுவதே முறை.

குண்டுகளைத் தனித்தனியாக அடுக்கும் வண்டிகளில், பூட்டும்போது ஒன்றிரண்டு கிரீஸோடு வழுக்கிக் கீழே விழுந்துவிடுவதுண்டு. குறைவாகப் போட்டால் சுமை சீராகப் பரவாது. இடம் இருக்கிறதே என்று ஒன்றைக் கூடுதலாகத் திணித்தால் அவை உருளாமல் ஒன்றையொன்று நெருக்கும். எண்ணிக்கை வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால், கழற்றும்போதே எண்ணி வைப்பது நல்லது.

இறுக்கும் முறையும் ஒரு கலையே. குண்டுகள் தத்தம் இடத்தில் அமருமாறு முதலில் நட்டை இறுக்கி, ஹேண்டிலை இரு எல்லைக்கும் பல முறை திருப்பி, பிறகு தளர்த்தி, ஆட்டம் மறையும் அளவுக்கு மட்டும் மீண்டும் இறுக்க வேண்டும். மேல் நட்டை முறுக்கும்போது கீழ் நட்டும் சற்று இறுகிவிடும். ஆதலால் எல்லாம் பூட்டிய பின்னர் மறுபடியும் சோதித்தாக வேண்டும். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்குவதைவிட, அதற்கென்றே உள்ள வளைந்த ஸ்பானரைப் பயன்படுத்துவதே நட்டுக்கும் நமக்கும் நல்லது.

நடுக்கத்தை மறைப்பதற்காகக் கோன் செட்டை மிகைபட இறுக்குவோர் உண்டு. அதனால் வேகத்தில் நடுக்கம் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் மெதுவாகச் செல்லும்போது வண்டி தானாக நேராகாமல் இடமும் வலமும் அலையும். சந்தை நெரிசலில் குடும்பத்தோடு செல்பவருக்கு அதுவும் ஆபத்தே.

ஃபோர்க்கும் பின்சக்கரமும்

ஃபோர்க் குழாய்கள் இரண்டும் மேற்புறத்தில் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன் அச்சைக் கடைசியாக இறுக்குவதற்கு முன்பு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்து, ஃபோர்க்கை நான்கைந்து முறை அமுக்கி எழுப்ப வேண்டும். அப்போதுதான் இரு கால்களும் இழுபறியின்றித் தம் நிலையில் அமரும். டிரம் பிரேக் உள்ள வண்டிகளில், பிரேக் பிளேட்டின் பள்ளம் ஃபோர்க்கில் உள்ள முட்டோடு பொருந்தியிருப்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பொருந்தாவிட்டால், பிரேக் பிடிக்கும்போது பிளேட்டே சுழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும். நடுக்கத்தைவிடக் கொடிய பிழை இது.

முன்பக்கம் குறையின்றி இருந்தால் பின்பக்கம் செல்லுங்கள். செயினை இறுக்கும்போது இரு பக்க அட்ஜஸ்டர்களையும் ஒரே கோட்டில் வைக்காவிட்டால், பின்சக்கரம் கோணலாக நின்று வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதை அறிய நூல் சோதனை உண்டு. ஹேண்டிலை நேராக வைத்து, ஒரு நீண்ட நூலைப் பின்டயரின் பின்புறத்தில் சுற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரு முனைகளையும் முன்சக்கரம்வரை இழுத்துப் பிடியுங்கள். இரு புறமும் நூல் பின்டயரின் பின்விளிம்பையும் முன்விளிம்பையும் ஒருங்கே தொட வேண்டும். அந்நிலையில் முன்டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருந்தால் சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ளன. கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. என்ஜினையே சட்டத்தின் ஓர் உறுப்பாகக் கொண்ட வண்டிகளில், என்ஜினை இறக்கி ஏற்றிய பின் அதன் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் சட்டம் முழுவதும் நெகிழும். அதையும் மறவாதீர்கள்.

சாலையில் சோதிக்கும்போது

இத்தனையும் முடிந்த பின்னரே சாலைக்குச் செல்ல வேண்டும். அதுவும் தனியாக, தலைக்கவசத்தோடு செல்ல வேண்டும். போக்குவரத்துக் குறைந்த நேரான சாலையில், முதலில் முப்பது, பிறகு நாற்பது என்று படிப்படியாக வேகம் கூட்டுங்கள். வேகம் குறையும்போதும் இறக்கத்தில் செல்லும்போதும் எடை முன்சக்கரத்தின்மேல் சாய்வதால், நடுக்கம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். எக்காரணம் கொண்டும் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துச் சோதிக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் சோதனைக்குப் போகாதீர்கள். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, தென்மேற்குப் பருவ மாதங்களில் வண்டியையும் பக்கவாட்டில் தள்ளும். காற்றால் வரும் அசைவு ஒழுங்கற்றது. மறைவான இடத்திற்கு வந்ததும் நின்றுவிடும். உறுப்புக் குறையால் வரும் நடுக்கமோ குறிப்பிட்ட வேகம் வந்ததும் எங்கும் தலைகாட்டும்.

சுமையையும் கவனியுங்கள். பின்கேரியரில் அரிசி மூட்டையோ, எரிவாயு உருளையோ, மீன் பெட்டியோ ஏற்றினால், முன்சக்கரத்தின்மேல் எடை குறைந்து நடுக்கத்திற்கு வழி பிறக்கும். வெறும் வண்டியில் நடுக்கமில்லை, சுமையோடு மட்டும் வருகிறது என்றால், முதலில் பின்டயரின் காற்றையும் சுமை வைத்த இடத்தையும் பாருங்கள்.

ஓடும்போது திடீரென்று நடுக்கம் வந்துவிட்டால், ஹேண்டிலோடு மல்லுக்கட்டாதீர்கள். விறைப்பின்றிப் பிடித்து, முழங்கால்களால் டாங்கை நெருக்கி, உடலைச் சற்று முன்சாய்த்து, ஆக்சிலரேட்டரைப் படிப்படியாகக் குறையுங்கள். முன்பிரேக்கை வெடுக்கென்று அழுத்தாதீர்கள். வண்டி நின்ற பின், குடும்பத்தினரை இறக்கி, வேறு வாகனத்தில் அனுப்பிவிடுங்கள்.

பட்டறைக்காரரோடு பேசும் முறை

கடைசியாக ஒரு சொல். வண்டியைத் திரும்பக் கொண்டு செல்லும்போது சண்டைக்குப் போவதுபோல் செல்லாதீர்கள். அவசரப்படுத்தியதில் நமக்கும் பங்கு உண்டு. “இன்ன வேகத்தில் வருகிறது, வேகம் குறையும்போது கூடுகிறது, முன்பிரேக் பிடித்தால் தட்டுகிறது, ஃபோர்க்கை இழுத்தால் ஆட்டம் இருக்கிறது” என்று தெளிவாகச் சொன்னால், நல்ல தொழிலாளி பாதி வேலையை அப்போதே முடித்துவிடுவார். ‘வண்டி நடுங்குகிறது’ என்று மட்டும் சொன்னால், அவரும் இருட்டில் கை நீட்ட வேண்டியதுதான். எதையும் விலைக்கு வாங்கி மாற்றுவதற்கு முன், இதுவரை கழற்றிப் பூட்டியவற்றை ஒருமுறை வரிசையாகப் பார்க்கும்படி கேளுங்கள். அதற்குரிய கூலியை மனமுவந்து கொடுங்கள். வண்டியை ஒரு நாள் கூடுதலாக அங்கேயே விட்டு வருவதால் எந்த விருந்தும் கெட்டுவிடாது.